கண் வரையாத பூசணிக்காய்

எங்கள் வீட்டில் முழுப் பூசணிக்காயில் பெண்கள் கத்தி வைப்பதில்லை. பூசணி தலைச்சன் பிள்ளைக்குச் சமம், பெண்பிள்ளை அதை வெட்டினால் பெற்ற வயிற்றுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. அதனால் கூட்டு வைக்கிற அன்று, என் தம்பி தறிக்கொட்டகைக்குப் போகும் முன் சமையலறையில் உட்கார்ந்து காயை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்து கொடுப்பான். மொத்தச் சமையலையும் தானே முடித்துவிட்ட மாதிரி ஒரு நடை நடந்து போவான். அவன் மறந்துவிட்டுப் போன அன்று எங்களுக்குக் கூட்டு இல்லை, வெறும் ரசம்தான். எனக்குப் பெற்ற வயிறு இல்லை, ஆகவே பயப்படவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் ஒருநாளும் வெட்டியதில்லை. அவனைத் திட்டிக்கொண்டே ரசம் வைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாகாலா பக்கம் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. பிறகு புருஷனும் இல்லாமல் போனார். காரியம் முடிந்த கையோடு தம்பி வந்து, "வாக்கா, நம்ப ஊட்டுக்குப் போலாம்" என்று கூட்டிவந்தான். அன்றிலிருந்து நகரியில் அவன் வீடுதான் என் வீடு. பவர்லூமுக்குக் குச்சியில் ஊடைநூல் சுற்றுவது, அதாவது தார் சுற்றுவது, என் வேலை. வாயாடுவது அதைவிடப் பெரிய வேலை. தம்பி மனைவி சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், அதிகம் பேச மாட்டாள். நான் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் இன்னொருத்தியும் பேசினால் கூரை தாங்காது, கடவுள் கணக்குப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறான் என்பான் தம்பி. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், இளையது பையன். பேசத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் திரிந்தன.

பூசணிக்காயில் முகம் செய்கிற விளையாட்டைத் தொடங்கி வைத்தது அந்தப் பெண். ஒருநாள் அவள் தன் நைனாவின், அதாவது என் தம்பியின், போனில் ஒரு படம் பார்த்தாள். ஏதோ வெளிநாட்டில் பரங்கிக்காயைக் குடைந்து, கண், மூக்கு, பல் எல்லாம் ஓட்டை போட்டு, உள்ளே விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். உடனே அது அவளுக்கும் வேண்டும்.

"அத்தை, நம்ப காயிலயும் இந்த மாதிரி ஓட்டை போடலாமா?"

"உங்க நைனா வந்துதான் கத்தி வைக்கணும். அவன் வெச்சா ரெண்டாப் பொளந்துடுவான். உனக்கு ரெண்டு கண்ணு வேணுமா, ரெண்டு துண்டு வேணுமா?"

அவள் உதடு பிதுங்கியது. அந்தப் பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. "அழுவாத. வெட்டாமயே மூஞ்சி பண்ணலாம் வா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

தறி வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வேஸ்ட் நூலுக்குப் பஞ்சம் இல்லை. தறியிலிருந்து அறுத்துப் போட்ட சிவப்பு, பச்சை, ஜரிகை கலந்த மஞ்சள் எல்லாம் மூட்டை மூட்டையாக மூலையில் கிடக்கும். கறுப்பு நூலைச் சோற்றுப் பசையில் ஒட்டினால் முடி. கத்தரித்து ஒட்டினால் மீசை. என் பழைய ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் பெட்டியில் சும்மா கிடந்தன, அவை கண்களாயின. உடைந்த வளையல் துண்டு வாயாயிற்று. முதல் காய் போலீஸ்காரர். இரண்டாவது காய், பெண்ணின் பள்ளிக்கூடத்துத் தெலுங்கு மேடம். கம்பியை வளைத்துக் கண்ணாடி செய்து, பின்பக்கம் பெரிய கொண்டை வைத்து, காதுக்குக் கம்மல் கூட மாட்டினோம். பையன் அந்தக் காய்க்கு முன்னால் கைகட்டி நின்று வாய்ப்பாடு ஒப்பித்தான்.

எங்கள் தெருவில் கரண்ட் போனால்தான் மனிதப் பேச்சு காதில் விழும். தறிகள் எல்லாம் ஒரே அடியாக நின்று, தெரு திடீரென்று அமைதியாகிவிடும். அந்தச் சாயங்கால நேரங்களில்தான் நாங்கள் மூன்று பேரும் வாசலில் சாக்கு விரித்து, நடுவில் பரங்கிக்காயை வைத்துக்கொண்டு உட்காருவோம். யாருக்கு என்ன மீசை என்று சண்டை நடக்கும். கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட ஒரே நெசவுக் குடும்பத்துக்காரி நானாகத்தான் இருப்பேன். என் வாழ்நாளில் நல்ல நேரம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்லுவேன்.

ஒரே தொல்லை, காயைச் சமைக்கிற நாள். முகம் வைத்த காயைப் பையன் தொடவே மாட்டான்.

"நேத்து மீசை வெச்ச ஆளை இன்னிக்குத் துன்ன மாட்டேன்."

அதனால் அவன் எழுந்திருக்கும் முன்பே மீசை, முடி எல்லாம் பிய்த்து, தம்பியை வெட்டச் சொல்லி, தோல் சீவி, அடுப்பில் ஏற்றிவிடுவோம். பரங்கிக்காய் சாம்பார் எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல்தான் பரிமாறப்பட்டது. போலீஸ்காரர் எங்கே என்று கேட்டால், டிரான்ஸ்பர் ஆகிப் புத்தூருக்குப் போய்விட்டார் என்று சொல்லுவேன்.

பிறகு தம்பி புது வீடு கட்டினான். அதே தெருக்கோடியில், கீழே தறிக்கொட்டகை, மேலே வீடு. கிரகப்பிரவேசம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தோம். புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குச் சாம்பல் பூசணி கட்ட வேண்டும். புத்தூர் சந்தையில் கோரைப்பல், தொங்கும் நாக்கு எல்லாம் வரைந்தே விற்பார்கள். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டுக் காய்க்கு நாம்தான் முகம் வரைய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். தம்பி வரையாத காயாக, பெரியதாகப் பார்த்துத் தோளில் தூக்கிவந்து இறக்கினான். சட்டைத் தோள் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சாம்பல் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் தெலுங்கில் ஒரு பழமொழி உண்டு: பூசணிக்காய்த் திருடன் யார் என்று கேட்டால், திருடினவன் தன் தோளைத் தட்டிக்கொண்டானாம். அதைச் சொல்லித்தான் அன்று தம்பியைக் கிண்டல் செய்தேன்.

கறுப்பும் சிவப்பும் பெயிண்ட் வாங்க நான் பஜாருக்குப் போனேன். திரும்பி வந்தால் காய் சாக்கின் மேல் பளிச்சென்று வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. சுவருக்கு அடித்து மிச்சமான வெள்ளை பெயிண்டைப் பிள்ளைகள் பூசியிருந்தார்கள்.

"அடியில வெள்ளையா இருந்தாத்தான் அத்தை மீசை நல்லா தெரியும்" என்றாள் பெண்.

கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. நூலைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லுவேன். காய்கறி எங்களுக்குத் தள்ளுவண்டியில் வருவது, அவ்வளவுதான்.

பெண்ணுக்கு ராட்சசன் வேண்டும். பையனுக்கு ராட்சசன் என்றால் பயம், சிரிக்கிற முகம்தான் வேண்டும். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக, கோரைப்பல்லைக் காட்டிச் சிரிக்கிற ராட்சசன் ஒருவன் வந்து சேர்ந்தான். மீசையைப் பெண் வரைந்தாள். பல்லைப் பையன் வரைந்தான், ஒன்று கூட நேராக இல்லை. கண்ணுக்கு மட்டும் கை நடுங்கக் கூடாது என்று என்னிடம் கொடுத்தார்கள். பெரிய உருண்டைக் கண்களாக நான் வரைந்தேன். தம்பி பார்த்துவிட்டு, "இது திஷ்டியைத் தொரத்துமா, வா வா காப்பி சாப்டுன்னு கூப்புடுமாக்கா?" என்றான். வேஸ்ட் நூலில் நான் திரித்த உறியில் காயை வைத்து, புதுச் சட்டையோடு தோளில் ஏற்றி, ஸ்டூல் மேல் நின்று கட்டினான். சட்டையில் ஒரு பொட்டுச் சாம்பல் கூட ஒட்டவில்லை. பரவாயில்லையே, இந்த முறை திருட்டுப் பட்டம் இல்லை என்று நான்கூடச் சொன்னேன்.

அடுத்த வாரம் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். காய்ச்சல் இறங்கும், ராத்திரி மறுபடி ஏறும். அந்தச் சமயம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோலம் போடக் கதவைத் திறந்த தம்பி மனைவியின் கையில் சொட்டென்று ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பூசணிக்காய் ஒரு பக்கம் அழுகி, தொய்ந்து, மீசை வழியாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நாற்றம் தாங்கவில்லை.

எதிர்வீட்டு அம்மா அவர்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தெலுங்குக்காரர், தமிழும் தெலுங்குமாகப் பேசுவார்.

"ஏடாதி தாங்கற காயிம்மா இது. ஒரு வருசம் நிக்கும். கட்டி ரெண்டு வாரம் ஆவலை, பாரு. பிள்ளைக்கும் ஜொரம். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க. இது தெருவுல போறவங்க கண்ணு இல்ல. இண்ட்லோ உன்ன கண்ணு. ஊட்டுக்குள்ள கீற கண்ணு."

காயை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல கண்ணை வரைஞ்சது எவரு?"

கேட்டது தம்பி மனைவியை. ஆனால் பார்த்தது கதவுக்குப் பின்னால் நின்ற என்னை. நான் ஒரு பாவமும் அறியேன். இருந்தும் என் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. பிள்ளை பெறாதவள், புருஷனைத் தின்றவள் என்று பாகாலாவில் காதுபடக் கேட்டவள் நான். அந்தப் பேச்சு நகரிக்கு வர இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டதே, அதுவே பெரிய விஷயம்.

நான் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். "எங்க அண்ணியை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து என்னிடம் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். பெண் என்னிடம் ஓடி வந்தால், "அத்தைக்கு வேலை கீது, தொந்தரவு பண்ணாத" என்று உள்ளிருந்து அவள் அம்மாவின் குரல் வரும். பையனுக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அறை வாசலிலேயே டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் குடுத்துக்கறேன் அண்ணி."

உள்ளே பையன், "அத்தை வரலியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. கதவு பாதி சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நான் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். புருஷன் போனபோது கூட நான் அப்படித் தனியாக நின்றதில்லை.

திருப்பதியில் எங்களுக்கு உறவுக்காரி ஒருத்தி லேடீஸ் ஹாஸ்டல் மெஸ் நடத்துகிறாள். சமையலுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று எப்போதோ கேட்டிருந்தாள். அங்கே போய்விடுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தான்.

"பையனுக்கு ஒடம்பு தேறட்டும்க்கா. அப்பால பேசிக்கலாம்."

பூசணிக்காயை ஒரே வெட்டில் பிளக்கிறவன், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேச வழி தெரியாமல் தறிக்கொட்டகைக்குப் போய்விட்டான். எனக்கு அவன் மேல்தான் கோபம் அதிகம் வந்தது.

பையனுக்குக் காய்ச்சல் விட்டது. அழுகின காயை எடுத்து எறிந்துவிட்டு, தம்பி வேறு காய் வாங்கிவந்து பின்பக்கம் வைத்தான். நான் இரண்டு புடவையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். சின்னவன் காய்ச்சலில் இருக்கும்போது போகக் கூடாது என்று இருந்தேன், இனி என்ன. அப்போது கொல்லையில் துவைக்கிற கல் பக்கமிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. அவள் குரல் அத்தனை உயர்ந்து நான் கேட்டதில்லை.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"காயைக் கழுவிக்கினு கீறேம்மா" என்றாள் பெண். "மேல சாம்பல் இருந்தா பெயிண்டு ஒட்ட மாட்டேங்குது, உதுந்து போவுது. போன தபாவும் இப்புடித்தான் தேச்சோம். சோப்புத்தூள் போட்டு, நாரு போட்டு, பச்சையா வர்ற வரைக்கும். அப்பால வெள்ளை பெயிண்டு அடிச்சோம்."

"சாம்பலைத் தேச்சீங்களா? அத்தை சொன்னாங்களா?"

"அத்தை பஜாருக்குப் போயிருந்தாங்களே. நானும் தம்பியும்தான்."

 நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பி மனைவி துவைக்கிற கல் மேலேயே, ஈரத்தில், உட்கார்ந்திருந்தாள்.

அவள் பிறந்த வீட்டில் பரண் முழுக்கச் சாம்பல் பூசணி அடுக்கி வைத்திருப்பார்களாம். ஒரு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்குமாம். காயைப் போகிற வருகிற பிள்ளைகள் தடவினால் அவள் அப்பா கையில் ஒன்று போடுவாராம். அந்தச் சாம்பல்தான் காய்க்குச் சட்டை, சாம்பல் போனால் காய் போயிற்று. இதெல்லாம் பின்னால் அவளே எனக்குச் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை பெயிண்டில் மறைத்துவிட்டார்கள், அதுவும் மறைக்கிறோம் என்று தெரியாமலே. அவர்களை யாரும் கேட்கவில்லை. யார் வரைந்தது என்றுதான் எல்லாருக்கும் கேட்கத் தெரிந்தது.

அவள் என் அறைக்கு வந்தாள். கையில் சோப்பு நுரை காயவில்லை. என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் புடவையை மடித்துக்கொண்டே இருந்தேன். பேசாதவள்தான் பேசினாள்.

"பசங்க சாம்பலைக் கழுவிட்டாங்க அண்ணி. அதான் காயி அழுவிப்போச்சு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பூசணிக்காய் மேலயே பொறந்து வளந்தவ நானு. எவங்களோ சொன்னாங்கன்னு வாயை மூடிக்கினு நின்னுட்டேன்."

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியே போனவள், துண்டு போர்த்தின பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சலில் இளைத்துப் பாதியாகியிருந்தான். அவனை அப்படியே என் மடியில் உட்கார வைத்தாள்.

"படுத்ததுலருந்து உங்களத்தான் கேட்டுக்கினு கீறான். வேற காயி வாங்கியாறச் சொல்றேன். மூணு பேரும் உக்காந்து வரைங்க."

"கழுவுன காயி?" என்றேன். 

"கூட்டு வெச்சுக்கலாம்."

"அப்ப உங்க ஊட்டுக்காரனை வந்து வெட்டித் தரச் சொல்லு. இன்னிக்கு நான் ரசம் வைக்க மாட்டேன்."

அவள் சிரித்துவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு நான் பையன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "அத்தை, இந்தத் தபா பல்லு கம்மியா வரையலாம்" என்றான் அவன்.

அடுத்த காயில் சாம்பல் மேலேயே வரைந்தோம். பெயிண்ட் சரியாக ஒட்டாமல் மீசை அங்கங்கே உதிர்ந்து, ராட்சசனுக்குச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அம்மா வந்து நிமிர்ந்து பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார். தம்பி மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க அண்ணிதான் வரைஞ்சாங்க. இனிமே வருசா வருசம் அவங்கதான்" என்றாள். அந்தக் காய் மறு ஆயுத பூஜை வரைக்கும் நின்றது. என்றாலும் அந்தப் பாதி சாத்தின கதவு எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னால் பொய்.

இப்போது பையன் சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். லீவுக்கு வந்தால் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. வேஸ்ட் நூலை மூட்டையோடு விற்றுவிடுகிறோம். பரங்கிக்காய் சாம்பாரைப் பெயர் சொல்லியே பரிமாறுகிறோம். கரண்ட் போனால் நானும் தம்பி மனைவியும் வாசலில் உட்கார்ந்து, சீக்கிரம் வந்தால் தேவலை என்று பேசிக்கொள்கிறோம்.

பெண்ணைத் திருப்பதியில் கொடுத்திருக்கிறோம். தெலுங்குக் குடும்பம், நல்ல மாதிரி. போன வாரம் அவர்கள் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகிற சமயம், வீடியோவில் கூப்பிட்டாள். தம்பி மனைவிதான் போனைப் பிடித்திருந்தாள். பெண் ஒரு சாம்பல் பூசணியைத் தூக்கிக் காட்டினாள். மேலே சாம்பல் அப்படியே இருந்தது. முறுக்கு மீசை, கோணல் பல், காது வரைக்கும் சிரிப்பு எல்லாம் இருந்தன. கண் மட்டும் இல்லை.

பின்னால் நின்ற அவள் மாமியாரும் அதைத்தான் தெலுங்கில் கேட்டார், ஏனம்மா கண் வரையவில்லை என்று.

"மா மேனத்த வச்சி வேஸ்துந்தி" என்றாள் பெண். எங்கள் அத்தை வந்து வரைவாள் என்று.

 மாமியார் குரலைத் தாழ்த்தி, அந்த அத்தையா என்று கேட்டது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. எந்த அத்தை என்று எனக்கும் புரிந்தது, பாகாலாவில் கேட்ட அதே பேச்சுதான். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பெண் குரலைத் தாழ்த்தவே இல்லை. அந்த அத்தைதான், அவள் வந்து கண் வரைந்த பிறகுதான் இந்தக் காயைக் கட்டுவோம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, தமிழில் என்னைப் பார்த்து, "எப்போ வர்றீங்க அத்தை?" என்றாள்.

 தம்பி மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வரும்போது என் பழைய பிரஷ்ஷும், கறுப்பு பெயிண்ட் டப்பாவும் அவள் கையில் இருந்தன. வேறு புடவை மாற்றியிருந்தாள்.

"எழுந்திரிங்க அண்ணி, அடுத்த பஸ்ஸுக்கே போயிடலாம்" என்றாள்.